ஏழுக்கு நான்கு: நாட்டைவிட்டு அனுப்பும் சட்டங்களும் பிரிந்துபோன மலையகக் குடும்பங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அம்மாயி (அம்மாவின் தாய்) 1973 இல் அட்டன் புகையிரத நிலையத்தில் தன் தாய், தகப்பன், தம்பி தங்கைகளை இந்தியாவுக்கு வழியனுப்பினார். அதன் பிறகு தாயின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. இந்தக் கதையை நான் சொல்லத் தொடங்கியதும் தலவாக்கலை, பொகவந்தலாவை, பதுளை, மாத்தளை என்று எங்கிருந்தெல்லாமோ இளையவர்கள் கேள்விகளை அனுப்பத் தொடங்கினார்கள். "எங்கள் வீட்டிலும் இப்படித்தான்" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அவர்கள் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி "தாயகம் திரும்பியவர்கள்" அல்லவா? அதை நாடு கடத்தல் என்று சொல்லலாமா?

ஆவணங்களில் எழுதப்பட்டிருக்கிற சொல் "தாயகம் திரும்புதல்" என்பதுதான். ஆனால் தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியில், மூன்று தலைமுறையாக நுவரெலியா மாவட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, பெற்றவர்களை அங்கேயே புதைத்தவருக்கு எது தாயகம்? புதுக்கோட்டையையோ நாமக்கல்லையோ கண்ணால் காணாதவர்களே அவர்களில் அதிகம்.

சட்டத்தின் பார்வையிலும் விஷயம் தெளிவானது. இந்தியக் குடியுரிமை பதிவான நாளிலிருந்து அவர் இலங்கையில் விசாவோடு தங்கியிருக்கும் அந்நியர் ஆகிவிடுவார். விசா முடிந்தும் புறப்படாதவரைப் பிடித்து அனுப்பும் அதிகாரம் 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்திலேயே இருந்தது. வெளியேறச் சொல்லி வந்த கடிதத்தை எங்கள் சனங்கள் "குயிட் நோட்டீஸ்" என்றார்கள். ஆங்கிலம் தெரியாத கிழவிகளுக்கும் அந்த வார்த்தை தெரிந்திருந்தது. ஆகவே, ஆம், நான் அதை நாடு கடத்தல் என்றுதான் சொல்கிறேன்.

இங்கேயே பிறந்தவர்கள் எப்படி அந்நியர் ஆனார்கள்?

இலங்கை சுதந்திரம் அடைந்தது 1948 பெப்ரவரி 4. அதே ஆண்டு நவம்பர் 15 ஆம் திகதி 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது என்றது அந்தச் சட்டம். தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்), மருத்துவிச்சி கையில் பிறந்த பாட்டனுக்கு எங்கிருந்து பிறப்புச் சான்றிதழ் வரும்?

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள். 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றானது. வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தெரிவு செய்த மக்கள் இரண்டே ஆண்டுகளில் நாடற்றவர்கள் ஆனார்கள். இதை எதிர்த்துப் போட்ட வழக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய் 1953 இல் தோற்றது.

விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெற 1949 இல் இன்னொரு சட்டம் வந்ததே?

வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கம். மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருக்க வேண்டும். 1951 ஓகஸ்ட் 5 கடைசி நாள். இடையில் ஓராண்டுக்கு மேல் ஊருக்குப் போய் இருந்துவிட்டு வந்திருந்தால் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றார்கள்.

கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. விண்ணப்பிக்கிற ஆண் மட்டும் இங்கே இருந்தால் போதாது. மனைவியும் வயது வராத பிள்ளைகளும் கூட இங்கேயே இருந்திருக்க வேண்டும். பிரசவத்துக்கோ, படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைப் பார்க்கவோ மனைவி ஊருக்குப் போய்த் தங்கியிருந்தால் அது கணவனுடைய விண்ணப்பத்துக்கே எதிராக நிற்கும். ஆளைத் தள்ளிவைக்கும்போது சட்டம் குடும்பத்தை ஒன்றாகப் பார்த்தது. பதினைந்து வருடம் கழித்து அனுப்பும்போது தனித்தனி ஆளாக எண்ணியது. இந்த ஓரவஞ்சனையை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.

எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

1964 ஒப்பந்தம் சரியாக என்ன சொன்னது?

1964 ஒக்டோபர் 30 அன்று பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்களின் தொகை 9,75,000 என்று வைத்துக்கொண்டார்கள். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். இந்தத் தொகைகளோடு பிறகு பிறக்கும் பிள்ளைகளும் சேரும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். 1974 இல் அவர்களைப் பாதிக்குப் பாதி, 75,000 ஆகப் பிரித்துக்கொண்டார்கள். முழு வேலையையும் 15 ஆண்டுகளில் முடிக்க வேண்டும். தோட்டத்தில் யாரிடமும் யாரும் கேட்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களையும் பேச்சுவார்த்தை மேசைக்கு அழைக்கவில்லை.

இதை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967 இல் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் நகர வேண்டும் என்பது ஏற்பாடு: இந்தியாவுக்கு ஏழு பேர் என்றால் இலங்கையில் நான்கு பேர். முதலில், ஏழு பேர் இந்தியக் குடிமக்களாகப் பதிவானாலே நான்கு பேருக்குப் பிரஜாவுரிமை என்று இருந்தது. 1971 இல் அதைத் திருத்தினார்கள். ஏழு பேர் உடலோடு கப்பலேறிப் போன பிறகுதான் இங்கே நான்கு பேருக்குப் பத்திரம் என்றானது.

அந்தத் திருத்தத்தை லயத்துக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு காம்பராவில் இருக்கிறவர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், பக்கத்துக் காம்பராவில் அவருடைய மருமகன் இலங்கைக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கிறார். மாமனார் போன்ற ஏழு பேர் போனால்தான் மருமகன் போன்ற நான்கு பேருக்கு வழி பிறக்கும். சொந்தத்தை வழியனுப்பினால்தான் பிரஜாவுரிமை.

ஒரே குடும்பம் ஏன் ஒன்றாக விண்ணப்பிக்கவில்லை?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்களுக்குத் தங்கள் பாட்டன் பாட்டி மேல் சிறு கோபமும் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமில்லை.

விண்ணப்பம் குடும்பத் தலைவர் பெயரில் போகும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அவரோடு சேர்க்கப்படுவார்கள். மணமான மகனும் மகளும் தனிக் குடும்பம். ஆக, பெரியவர் இந்தியா என்றும் மூத்த மகன் இலங்கை என்றும் எழுதினால் அந்த இடத்திலேயே வீடு இரண்டாகிவிடும். எல்லோரும் இலங்கை என்றே எழுதியிருந்தாலும் ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குத் தள்ளுபடியாகலாம். தள்ளுபடியானவருக்கு மிஞ்சிய வழி இந்தியாதான்.

எங்கள் அம்மாயி 1967 இல் கல்யாணம் கட்டியவர். தாத்தாவின் தகப்பனுக்கு 1949 சட்டத்தின் கீழ்ப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் தாத்தாவும் பிரஜை. அம்மாயி அந்தப் பக்கம் ஒதுங்கினார். அவருடைய தகப்பன் இரண்டு முறை தள்ளுபடியானவர். 1969 இல் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். யாரும் யாரையும் கைவிடவில்லை. கல்யாணம் நடந்த வருடமும் பழைய தள்ளுபடிக் கடிதமும் சேர்ந்து அந்தப் பிரிவை எழுதின.

தாய் இலங்கைப் பிரஜை, தகப்பனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு. பிள்ளைகள் யாருடையவர்கள்?

தகப்பனுடையவர்கள். இலங்கைச் சட்டத்தில் பிரஜாவுரிமை தகப்பன் வழியாகவே இறங்கியது. தாய் வழியாகவும் இறங்கலாம் என்று மாறியது 2003 இல்தான். இந்தியாவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தியச் சட்டமும் 1992 வரை தகப்பனைத்தான் பார்த்தது. இரண்டு நாட்டுச் சட்டங்களும் வேறு எதில் முரண்பட்டாலும் தாயை ஒதுக்குவதில் ஒத்துப்போயின. இப்படிப்பட்ட வீட்டில் தாய்க்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள்: தன் பிரஜாவுரிமையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு போவது, அல்லது பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருப்பது.

விரும்பிப் போனவர்களும் இருந்தார்களா?

இருந்தார்கள். சொந்த ஊர், சொந்த நிலம், பிள்ளைகளுக்குப் படிப்பு என்று நம்பிப் போனார்கள். ஆனால் அந்த விருப்பம் எந்த நிலையில் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1970 வரை இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் 5,25,000 பேரை எட்டவில்லை. மக்கள் இருக்கத்தான் விரும்பினார்கள். பிறகு 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களில் தோட்டங்கள் அரசு கைக்குப் போயின, பல இடங்களில் எங்கள் சனங்களுக்கு வேலை போனது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் பட்டினிச் சாவு. 1977 இலும் 1983 இலும் வன்செயல். லயத்துக்குத் தீ வைத்த மறுவாரம் ஒருவர் "நான் போகிறேன்" என்று சொன்னால் அதை விருப்பம் என்று எழுதிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

ஒப்பந்தத்திலேயே இன்னொரு கொக்கி இருந்தது. வேலையில் இருக்கிறவர் புறப்படும் நாள் வரை, அல்லது 55 வயது வரை, எது முந்துகிறதோ அதுவரை வேலை செய்யலாம். 55 ஆனதும் வேலை போகும். வேலை போனால் காம்பராவும் கேள்விக்குறி.

பயணம் எப்படி நடந்தது?

கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் எடுக்க வேண்டும். சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் முடித்து வாங்க வேண்டும். கொண்டு போகக்கூடிய சொத்தின் உச்ச வரம்பைக் குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக் கூடாது என்று ஒப்பந்தம் சொன்னது. பலருக்கு அந்த அளவுக்குச் சொத்தே இல்லை. பிறகு கோச்சி (ரயில்). அட்டனில் ஏறினால் பொல்காவலை, மதவாச்சி வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை. அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் சில மணி நேரத்தில் இராமேஸ்வரம். (1964 டிசம்பர் புயலில் அழியும் வரை கப்பல் போனது தனுஷ்கோடிக்கு.) பிறகு மண்டபம் முகாம். தாத்தா காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்தபோது நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே மண்டபம்.

அம்மாயி எங்களுக்குச் சொன்னது கப்பலைப் பற்றி அல்ல, கூடையைப் பற்றி. புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை அவருடைய தாய் தன் கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். புதுக் கூடை, ஆறு மாதம் கூட ஆகவில்லை. மறுநாள் நிலையத்துக்குப் போய்விட்டு வந்து, அதற்கு மறுநாள் விடிய அம்மாயி பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போனார்; ஒரு நாள் சம்பளம் ஏற்கெனவே போய்விட்டது. மலையில் ஏறிக் கயிற்றைத் தலையில் மாட்டியபோது கூடை இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டது. தாய் நெட்டையானவர், கயிற்றின் முடிச்சு அவர் உயரத்துக்குப் போட்டது. முடிச்சை அவிழ்த்துத் தன் உயரத்துக்கு ஏற்றிக் கட்ட வேண்டும். அம்மாயி அவிழ்க்கவில்லை. அந்தக் கூடை பிய்ந்துபோகும் வரை, குனிந்து குனிந்து, அப்படியே சுமந்திருக்கிறார்.

போனவர்களை அங்கே எப்படிக் குடியமர்த்தினார்கள்?

எல்லாமாகச் சுமார் 4,60,000 பேர் போனார்கள். சிலருக்கு நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலை கிடைத்தது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் போனால் இன்றும் எங்கள் பேச்சைக் கேட்கலாம். சிலர் கன்னியாகுமரியின் ரப்பர் தோட்டங்களுக்கும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூருக்கும் போனார்கள். பலருக்குக் கையில் கொடுத்தது சிறு வியாபாரக் கடன். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்தவர் வறண்ட மாவட்டத்தில் என்ன கடை வைப்பார்? கடன் தீர்ந்ததும் மலை தேடி நடந்தார்கள். கொடைக்கானல் காடுகளில் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. "சிலோன்காரன்" என்று அங்கே பெயர், இங்கே "கள்ளத்தோணி". 2022 இல் தேயிலைத் தோட்டக் கழகம் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானபோது, ஓய்வு பெற்ற கிழவர்கள் மறுபடியும் ஒரு லயத்தைக் காலிசெய்ய வேண்டுமோ என்று நடுங்கினார்கள்.

இடையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போக முடியாதா?

முடிந்தவர்கள் மிகச் சிலர். போனவருக்கு இங்கே வர விசா வேண்டும், கூலிக்காரருக்குப் பயணச் செலவு எட்டாது. இங்கே இருந்தவரில் பத்திரம் இன்னும் கிடைக்காதவர் நாடற்றவர். அவருக்கு எந்த நாடு கடவுச்சீட்டு கொடுக்கும்? ஆகவே கடிதம்தான். எழுதத் தெரியாதவர் இன்னொருவரைக் கொண்டு எழுதிய கடிதம், அதனால் எல்லாக் கடிதங்களும் "நலம், நலமறிய ஆவல்" என்று ஒரே மாதிரி இருக்கும். அம்மாயியின் தாய் கூடலூரில் இறந்த செய்தி அடக்கம் முடிந்து பல நாள் கழித்தே இங்கே வந்தது. அம்மாயி லயத்து வாசலில் தனியாக ஒப்பாரி வைத்தார். உடல் இல்லாத ஒப்பாரி.

எப்போது நின்றது?

1984 இல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிவிட்டுப் போக முடியாமல் 80,000க்கும் மேற்பட்டோர் இங்கேயே தங்கிப்போனார்கள். 1986 இல் 94,000 நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கச் சட்டம் வந்தது, 1988 இல் இன்னொன்று. கடைசியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம்: 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழிவந்தவர்களும் பிரஜைகள். பழைய இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் ஒரு பிரகடனத்தோடு பிரஜையாகலாம் என்றானது. ஐம்பத்தைந்து ஆண்டு. கப்பலேறியவர்களை அது திருப்பிக் கொண்டுவரவில்லை.

தமிழகத்து முகாம்களில் மலையகத்தவர்கள் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். 1983க்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகேறியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமைக்கு உரியவர்களாக இருந்தும் அகதி என்றே பதிவாகி, அகதியாகவே பேரப்பிள்ளை கண்டவர்கள். 2019 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி முகாம்களைச் சேர்ந்த இத்தகையவர்களின் மனுக்களில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. இலங்கைப் பக்கம் 2009 இல் சட்டத்தைத் திருத்தி, அகதியாக இந்தியா போன வம்சாவளியினரும் இலங்கைப் பிரஜாவுரிமை கோர வழி வைத்திருக்கிறார்கள். உறவினர் முகாமில் இருந்தால் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இன்று இப்படிப் பிரிக்கச் சர்வதேச சட்டம் இடம் கொடுக்குமா?

சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989 இல் வந்தது. இலங்கை 1991 இலும் இந்தியா 1992 இலும் அதை ஏற்றுக்கொண்டன. பிள்ளையின் நன்மைக்கு அவசியம் என்றாலொழியப் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது 9 ஆம் உறுப்புரை. ஓர் அரசு நாடு கடத்தியதால் பிரிவு நேர்ந்திருந்தால், பிரிந்தவர் எங்கே இருக்கிறார் என்ற தகவலைக் கேட்பவருக்குக் கொடுப்பது அந்த அரசின் கடமை என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. எங்கள் பிரிவு அதற்கு முந்தியது. இருந்தாலும் அந்த வரியைப் படிக்கிறபோதெல்லாம், கூடலூர் முகவரி ஒன்றுக்காக அம்மாயி ஏறி இறங்கிய படிகள் நினைவுக்கு வருகின்றன.

போன உறவைத் தேடுவது எப்படி?

வீட்டிலிருந்து தொடங்குங்கள். ட்ரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும் பழைய கடிதங்களின் தபால் முத்திரையைப் பாருங்கள். ஊர்ப் பெயர் அதில் இருக்கும். தள்ளுபடிக் கடிதம், பிரஜாவுரிமைப் பத்திரம், விவாகச் சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். தோட்ட அலுவலகத்தில் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவு) புத்தகம் மிஞ்சியிருந்தால் பெயரும் தகப்பன் பெயரும் கிடைக்கும். கோயில், தேவாலயப் பதிவேடுகளையும் விடாதீர்கள். தமிழகத்தில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்குக் குடும்பத் தலைவர் பெயரும் போன ஆண்டும் எழுதிக் கேட்கலாம். நீலகிரியில் தேடுகிறவர்களுக்கு ஆவணத்தைவிட ஆள்தான் பயன். தோட்டத்தின் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டால், "அந்தத் தோட்டத்து ஆளுங்க கீழே இரண்டாவது லைனில் இருக்கிறார்கள்" என்று வழிகாட்டுவார்கள். எழுத்துப் பிழையை எதிர்பாருங்கள்: ஒரே ஆள் ஒரு தாளில் ராமாயி, இன்னொன்றில் ராமாய், மூன்றாவதில் ரமயி.

2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது; பிறகு நின்றும் மறுபடி ஓடியும் வருகிறது. போக நினைப்பவர்கள் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கிழவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

புகைப்படங்களையும் படம் எடுக்க வேண்டுமா?

முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும். பின்பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டூடியோ முத்திரையும் திகதியும் அங்கேதான் இருக்கும். எங்கள் வீட்டில் 1973 இல் ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்கள் உண்டு. முதல் படத்தில் அம்மாயி ஓரமாக நிற்கிறார், இடுப்பில் எட்டு மாதக் குழந்தையாக என் அம்மா. அது வீட்டுக்கு. பத்திரத்துக்கு வேண்டிய படத்தில் போகிறவர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்பதால் அம்மாயியை விலகி நிற்கச் சொல்லிவிட்டு இரண்டாவதை எடுத்திருக்கிறார்கள். அதில் ஆறு பேரில் நான்கு பேர் கமராவைப் பார்க்கவில்லை. சட்டகத்துக்கு வெளியே, இடது பக்கமாகப் பார்க்கிறார்கள். பின்புறம் பென்சிலால் "6 பேர்" என்று எழுதியிருக்கிறது.